கெடிலத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள்: கடலூர்ப் பக்கம் ஊர் வரலாறு தேடுவது எப்படி

கடலூரில் யாரையாவது நிறுத்தி ஊர் வரலாறு கேட்டால் பெரும்பாலும் மூன்று வரிதான் வரும். அப்பர் கல்லோடு மிதந்து வந்து கரையேறிய ஊர், ராபர்ட் கிளைவ் இருந்த ஊர், சுனாமி அடித்த ஊர். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் தெரு எப்போது தெருவானது, அந்தப் பக்கம் ஓடிய வாய்க்கால் எங்கே போனது, ஊர்ச் சாமி ஏன் இந்த வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறது என்று கேட்டுப் பாருங்கள், ஆளாளுக்கு முகத்தைப் பார்ப்பார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் "மாமன்னர் ஆண்ட மண்" வகையறாவில் இதற்கெல்லாம் பதில் இருக்காது. நீங்களே இறங்கித் தேடினால்தான் உண்டு. தேடலாம், அவ்வளவு கஷ்டமில்லை. எங்கே தொடங்குவது என்று தெரிந்தால் போதும்.

என் யோசனை ஒன்றுதான். ராஜாக்களை ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீரைப் பிடியுங்கள். இந்தப் பக்கத்து ஊர்கள் இருக்கிற இடத்தில் இருப்பதற்குக் காரணமே ஆறுதான். பண்ருட்டியிலிருந்து கெடிலத்தோடு கீழே இறங்கி வந்தால் திருவதிகை, திருமாணிக்குழி, திருவந்திபுரம், திருப்பாதிரிப்புலியூர், கடைசியில் தேவனாம்பட்டினம் என்று சுமார் 25 கிலோமீட்டருக்குள் பல்லவர் காலம் முதல் கிழக்கிந்தியக் கம்பெனி காலம் வரை எல்லாம் வரிசையாக வந்துவிடும். வடக்கே தென்பெண்ணை தாழங்குடா பக்கம் கடலில் கலக்கிறது. தெற்கே முதுநகர்த் துறைமுகத்தை ஒட்டி உப்பனாறும் பரவனாறும். இவற்றில் எது உங்கள் ஊருக்கு ஆறு என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் தென்பெண்ணையிலிருந்து பிரியும் மலட்டாறு கெடிலத்தில் வந்து சேர்வதால், பெண்ணையில் வெள்ளம் என்றால் கெடிலத்துக்காரர்களும் மூட்டை கட்டியிருக்கிறார்கள். இது தெரியாமல் பழைய வெள்ளச் செய்தி எதைப் படித்தாலும் குழப்பம்தான்.

எதை எடுத்துக்கொள்வது

"கடலூர் வரலாறு" என்று தலைப்புப் போட்டு ஆரம்பித்தவர்கள் யாரும் முடித்ததை நான் பார்த்ததில்லை. ஒரு படித்துறை, ஒரு பேட்டை, ஒரு குளம், ஒரு சந்தை, ஒரு பாலம் என்று கைக்கடக்கமாக எடுங்கள். வண்டிப்பாளையம் பக்கத்தில் கரையேறவிட்ட குப்பம் என்று ஓர் இடம் இருக்கிறது, அப்பர் கரையேறிய இடமாகச் சொல்லப்படுவது அதுதான். இன்று கடற்கரை அங்கிருந்து தள்ளிப் போய்க் கிடக்கிறது. அப்படியென்றால் கரை எங்கே இருந்தது, ஆற்று முகத்துவாரம் எங்கே இருந்தது, உப்பங்கழி எதுவரை ஏறி வந்தது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே வருஷக்கணக்காக ஓட்டலாம்.

சரி, எடுத்தாயிற்று. அடுத்தது நிலம்.

வருவாய்த் துறைக் காகிதங்கள்

கல்வெட்டைவிட இவற்றை முதலில் சொல்லக் காரணம், இவை உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கலாம் என்பதுதான். தாய்ப்பத்திரத்தை எடுத்துச் செக்குபந்தியைப் படியுங்கள். இன்னார் வீட்டுக்கும் வடக்கு, ஓடைக்கும் மேற்கு, வண்டிப்பாதைக்கும் தெற்கு என்று எழுதியிருப்பார்கள். அந்த ஓடை இன்று சிமெண்டு சாலையாகவோ யாருடைய கார் ஷெட்டாகவோ இருக்கும். சோழர் காலக் கல்வெட்டிலும் நிலத்தைக் கொடுக்கும்போது இதே கதைதான், "கீழ்பாற்கெல்லை வாய்க்காலுக்கு மேற்கும்" என்று நான்கு பக்கமும் சொல்லிக்கொண்டு போவார்கள். பத்திரம் படிக்கத் தெரிந்தவருக்குக் கல்வெட்டு பாதி படித்த மாதிரி.

தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரமும் புலப்படமும் கிடைக்கும். உங்கள் தெருவைச் சுற்றியுள்ள சர்வே எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு, குளம், தோப்பு, மயானம், களம் என்று வகைப்பாடு வரும்போது ஒரு பழைய ஊர் மெல்ல எழுந்து வரும். அதைக் கையால் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நாமே வரைந்தால் மனதில் தங்கும், அதனால் சொல்கிறேன்.

பழைய வருவாய்க் கணக்குகளில் ஆண்டு பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டில் இருக்கும். அதோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1434 என்றால் 2024 ஜூலையில் தொடங்கி 2025 ஜூன் வரை. கல்வெட்டில் சக ஆண்டு வந்தால் 78 கூட்டுங்கள். தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் உஷார், அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். குரோதி என்றால் 2024 மட்டுமில்லை, 1964ம் குரோதி, 1904ம் குரோதி. பக்கத்தில் வேறு சான்று இல்லாமல் எதையும் முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று. 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழிக்கும்வரை ஊர்க் கணக்கு கர்ணம் வீடுகளில்தான் இருந்தது. அந்தக் குடும்பங்களில் சிலவற்றில் இன்றும் பரணில் கட்டுக் கட்டாகக் காகிதம் கிடக்கும். கேட்டால் காட்டுவார்கள், ஆனால் போனவுடன் கேட்காதீர்கள். நிலத் தகராறு ஏதோ கிளறத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துவிடுவார்கள்.

புதுச்சேரி எல்லைக்குள் உங்கள் ஊர் வந்தால் கதை வேறு. முள்ளோடை தாண்டினால் பிரெஞ்சு நிர்வாகத்தின் காகிதம், அதன் பழக்கமே தனி. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளைப் பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து ஒழுங்காக வைத்திருந்தார்கள். குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு இது கடலூர்க்காரர்களுக்கு இல்லாத வசதி. பாகூர்ப் பக்கம் ஒரே வாய்க்காலின் இந்தக் கரையில் ஒரு ராஜ்யம், அந்தக் கரையில் இன்னொன்று என்று 1954 வரை இருந்ததால் இரண்டு பக்கத்துக் காகிதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு கிராமத்தின் கதை முழுசாகும்.

கல்வெட்டை எப்படிப் படிப்பது

நேரே கோயிலுக்குப் போய்ச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்காதீர்கள். பெரிய கோயில்களின் கல்வெட்டுகளில் பலவற்றை மத்திய தொல்லியல் துறை நூறு வருஷத்துக்கு முன்பே படியெடுத்துவிட்டது, தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் பாடம் அச்சாகியும் இருக்கிறது. புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுகளைத் தனியாகத் தொகுத்துப் போட்டிருக்கிறார்கள். முதலில் அச்சில் படித்துவிட்டு, அப்புறம் கோயிலுக்குப் போய் அதே கல்லைத் தேடுங்கள். அடையாளம் பிடிக்க ஒரு சின்ன வழி, தொடக்கத்தைப் பார்ப்பது. "திருமகள் போல" என்று ஆரம்பித்தால் முதலாம் ராஜராஜன், "திரு மன்னி வளர" என்றால் ராஜேந்திரன், "புகழ்மாது விளங்க" என்றால் முதலாம் குலோத்துங்கன். அதற்குப் பிறகு "யாண்டு" என்று வரும், அது அரசன் பட்டத்துக்கு வந்ததிலிருந்து எண்ணும் வருஷம்.

கல்லின் மேல் சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது போனால் எழுத்து தானாகத் தெரியும். உச்சி வெயிலில் வெறும் கல்தான் தெரியும். மழைநாளில் போனால் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். படம் எடுக்கும் முன் கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது, அதற்காகச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்குபவர்கள் நிறைய.

நம் பகுதியில் ஒரே ஒரு கல்வெட்டைத்தான் படிக்க முடியும் என்றால் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் உள்ள மூன்றாம் ராஜராஜன் கல்வெட்டைப் படியுங்கள். 1231 வாக்கில் சோழ ராஜாவைக் காடவர் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்துவிட்டான். அவரை மீட்க ஹொய்சள நரசிம்மன் அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்று இரண்டு தண்டநாயக்கர்களை, அதாவது படைத்தலைவர்களை, அனுப்பினான். அவர்கள் எந்தெந்த வழியாக வந்தார்கள், எதை எதைக் கொளுத்தினார்கள் என்று அந்தக் கல்லில் பட்டியலே இருக்கிறது. எள்ளேரி, கல்லியூர்மூலை என்று தொடங்குகிறது. சிதம்பரம் பொன்னம்பலத்தில் சாமி கும்பிட்டுவிட்டு வடக்கே ஏறி, திருப்பாதிரிப்புலியூரில் தண்டு இறங்கி (படை முகாம் போட்டு), திருவதிகை முதலான ஊர்களை அழித்து, கடற்கரை ஊர்களைக் கொளுத்தி, பெண்களைப் பிடித்துக்கொண்டு, சேந்தமங்கலத்தை நெருங்கும்போது கோப்பெருஞ்சிங்கன் பணிந்து ராஜாவை விட்டுவிடுகிறான். இதெல்லாம் பெருமையாகச் சொல்லப்படுகிறது, ஜெயித்தவன் வெட்டிய கல் என்பதால்.

இதை வரலாற்றுப் பாடமாகப் படித்துவிட்டு மூடாதீர்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஊரையும் வரைபடத்தில் புள்ளி வையுங்கள். எள்ளேரி என்று காட்டுமன்னார்கோவில் பக்கம் இன்றும் ஓர் ஊர் உண்டு. புள்ளிகளைச் சேர்த்தால் அன்றைய படை நடந்த பாதை கிடைக்கும், அதாவது அன்றைய சாலை. அது எந்த இடத்தில் கெடிலத்தைக் கடந்திருக்க முடியும் என்று யோசியுங்கள். நம் ஊரில் தண்டு இறங்கியவர்களுக்கு நெல்லும் வைக்கோலும் யார் கொடுத்தார்கள் என்று கல்லில் இல்லை. அந்த மாதிரிக் கேள்வியைக் கேட்கத் தெரிந்துவிட்டால் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

செப்பேட்டுக்கும் இதே வேலைதான். பாகூர்ச் செப்பேடு, பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தது, ஒன்பதாம் நூற்றாண்டு. பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விக் கூடத்துக்கு, மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. அதில் ஒன்று விளாங்காட்டங்கடுவனூர். பாகூர்ப் பக்கம் இன்று கடுவனூர் இருக்கிறது. செப்பேட்டில் சொன்ன எல்லைகளோடு போய்ப் பொருத்திப் பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல வேலை.

சமணம் பற்றி எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். லோகவிபாகம் என்ற சமண நூல் சக ஆண்டு 380இல், அதாவது 458இல், பாடலிகா என்ற ஊரில் முடிக்கப்பட்டதாக அந்த நூலே சொல்கிறது. அது பீகாரில் உள்ள பாடலிபுத்திரம் இல்லை, நம் திருப்பாதிரிப்புலியூர் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. பாடலீசுவரர் கோயில் வாசலில் நின்று அப்பரை மட்டும் நினைப்பவர்கள், அவர் சமணராக இருந்த காலத்தில் வாழ்ந்த ஊரும் இதுதான் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

கம்பெனிக் காலம்

இங்கே பிரச்சினை ஆவணம் இல்லாதது அல்ல, அளவுக்கு மேல் இருப்பது. 1690இல், எலிஹு யேல் சென்னையில் கவர்னராக இருந்தபோது, செஞ்சியிலிருந்த மராட்டியர்களிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு ஒரு விசித்திரமான கணக்கு. பீரங்கியை நாலாபக்கமும் சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரை அவர்களுக்கு. குண்டுக்குள் வந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றே பிற்காலத்திலும் சொல்லிவந்திருக்கிறார்கள். உங்கள் ஊர் அதில் வருகிறதா என்று பார்ப்பது நல்ல தொடக்கம். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும் 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமே இந்தப் புனித டேவிட் கோட்டைதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்து இடித்துத் தள்ளினான். இன்று ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் செடி மண்டிய செங்கல் சுவர்தான் மிச்சம்.

சுரங்கப்பாதைக் கதை எல்லா ஊரிலும் உண்டு, கோயிலிலிருந்து செஞ்சி வரை, அரண்மனையிலிருந்து தஞ்சாவூர் வரை என்று. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் தேவனாம்பட்டினத்தில் கோட்டையைச் சுற்றி நிலத்தடி வழி இருந்தது உண்மை. சுற்றிலும் ஓடிய அந்த வழியிலிருந்து பக்கவாட்டில் கிளைகள் பிரிந்து வெடிமருந்து அறைகளில் முடிந்தன, முற்றுகையிடுகிறவனை நிலத்தோடு தூக்கி எறிய. ஆகவே ஊர்க் கதையை அப்படியே நம்பவும் வேண்டாம், கேலி செய்து தள்ளவும் வேண்டாம்.

இந்தக் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகள் அச்சாகியிருக்கின்றன, இணையத்திலும் சில கிடைக்கும். அவற்றில் யுத்தத்தைவிட நெசவாளர், சாயக்காரர், துபாஷி என்ற மொழிபெயர்ப்பாளர், சுங்கம், வெள்ளம், அரிசி விலை ஆகியவைதான் சுவாரசியம். அதே காலத்தை அடுத்த பக்கத்திலிருந்து பார்க்க ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு இருக்கிறது, 1736 முதல் 1761 வரை. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் தூப்ளேக்குத் துபாஷியாக இருந்தவர், கடலூரில் நடப்பதையெல்லாம் காதில் வாங்கி எழுதிவைத்துவிடுவார். ஒரே சம்பவத்தை இரண்டிலும் தேடிப் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கும்.

தேடும்போது ஊர்ப் பெயரை இன்றைய எழுத்தில் போட்டால் ஒன்றும் வராது. தேவனாம்பட்டினத்தைத் தெக்னாபட்டம் என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள், திருவதிகை திருவாடி ஆகியிருக்கும், பரங்கிப்பேட்டை போர்ட்டோ நோவோ, பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைக் கூதலூர் மாதிரி எழுதுவார்கள். மாவட்டம் 1993 வரை தென்னார்க்காடு, ஆகவே அந்தப் பெயரில் தேடுங்கள். 1878இல் கார்ஸ்டின் தொகுத்த மாவட்டக் கையேடும் 1906இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியரும் அடிப்படை. இரண்டும் வெள்ளைக்கார அதிகாரிகளின் பார்வை, சாதி பற்றி அவர்கள் எழுதியதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், வீண் வம்பு. ஆறு, ஏரி, சாலை, சந்தை பற்றிச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டால் தங்கம்.

நேரில் போகவேண்டிய இடங்கள்: எழும்பூர் ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனமும் ரோமன் ரோலண்ட் நூலகமும், கடலூர் அரசு அருங்காட்சியகம். போகும் முன் என்ன வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போங்கள். "கடலூர் பத்தி ஏதாவது இருக்கா சார்" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

ஆட்களிடம் கேட்பது

வருஷம் கேட்காதீர்கள், யாருக்கும் வருஷம் ஞாபகம் இருக்காது. "தானே புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள், உடனே வரும். அது 2011 டிசம்பர் கடைசி. சுனாமி 2004 டிசம்பர் 26. எம்.ஜி.ஆர். செத்தது 1987. ரொம்ப வயதானவர்களிடம் முதல் பிள்ளை பிறந்ததை வைத்துக் கேட்கலாம். வெள்ளத்துக்கு இன்னும் எளிது, தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று கேட்டால் கையை வைத்துக் காட்டுவார்கள். 2015க்கு இவ்வளவு, 2024 பெஞ்சல் புயலுக்குச் சாத்தனூர் அணை திறந்தபோது இவ்வளவு என்று சுவரிலேயே கோடு இருக்கும். டேப் வைத்து அளந்து படம் எடுத்துவிடுங்கள், அடுத்த தடவை வெள்ளையடித்தால் போயிற்று.

ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது எப்போது உப்பானது, எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். கடைசியாகச் சொன்னதைக் கேட்கும்போது பேச்சு கொஞ்சம் நின்றுவிடும். காத்திருங்கள். பிறகு வருவதை வெளியே சொல்லலாமா என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள்.

தை 5 ஆற்றுத் திருவிழாவை விட்டுவிடாதீர்கள். பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் சுற்றுவட்டார ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும் நாள். மணலில் சுருளிக்கிழங்கு குவியல் குவியலாகக் கிடக்கும், கூட்டம் அதை வாங்குவதில் மும்முரமாக இருக்கும். நீங்கள் ஒரு நோட்டோடு சாமி தூக்கி வருகிறவர்கள் பக்கம் போங்கள். எந்த ஊர்ச் சாமி, எந்தத் தெரு வழியாக வந்தது, எங்கே நின்றது, எந்த மண்டகப்படி யாருடையது, எந்தச் சாமிக்குப் பிறகுதான் எந்தச் சாமி இறங்கும். புறவழிச்சாலை வந்தாலும் சாமி பெரும்பாலும் பழைய பாதையை விடாது. ஒரே நாளில் பத்து ஊர்களின் பழைய சாலைகள் உங்கள் நோட்டுக்கு வந்துவிடும். அதைக் கொண்டுவந்து முதலில் வரைந்த சர்வே படத்தின்மேல் போட்டுப் பாருங்கள், வண்டிப்பாதை என்று பதிந்திருந்த கோடு எங்கே போகிறது என்று தெரியும்.

எழுதி வைப்பது

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்துப் போடுங்கள். கல்லில் பார்த்ததற்குக் க, காகிதத்துக்குப் ப, வாய்வழிக்கு வா. வா மட்டும் உள்ளதை "என்கிறார்கள்" என்று எழுதுங்கள், "ஆகும்" என்று எழுதாதீர்கள். கிளைவ் இந்த மரத்தடியில் உட்கார்ந்தான் என்பது போன்றவை எல்லாம் வா. பாரதியார் 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வந்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் இருந்தார் என்பதற்குப் ப இருக்கிறது. முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாள் 1927இல் சென்னையில் 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேய அதிகாரி நீலின் சிலையை எதிர்த்துப் போராடி மகளோடு சிறை போனதற்கும் ப இருக்கிறது. வித்தியாசம் படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

படங்களுக்குப் போன் கொடுக்கும் எண்ணை விட்டுவிட்டு ஊர், இடம், தேதி, எந்தத் திசைச் சுவர் என்று பெயர் வையுங்கள். எழுதியதை பிடிஎஃப் ஆக்கி இணைய ஆவணக் களஞ்சியத்தில் ஒன்று போடுங்கள், அச்செடுத்து மாவட்ட மைய நூலகத்தில் ஒன்று, உங்களுக்குச் சொன்னவர்கள் வீட்டில் ஒன்று. வீட்டில் கொடுக்கும் பிரதியை எழுத்துப் பெரிதாக அச்சிடுங்கள், படித்துவிட்டு "இது தப்பு தம்பி" என்று அவர்கள் கூப்பிடும்போதுதான் இரண்டாம் பதிப்புக்குச் சரக்கு சேரும்.